கம்பி இணையம் வராத இடத்தில் கண்காணிப்புக் கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுமானத் தளம், பண்ணை, கிடங்கு, நீரேற்று நிலையம் என்று கம்பி இணையம் எட்டாத இடங்களில் கேமரா பொருத்திக் கொடுப்பது என் தொழில். இடங்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லி நாக்கு தேய்ந்த பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பிராட்பேண்ட் இணைப்பே இல்லாத இடத்தை வீட்டிலிருந்தபடி பார்க்க முடியுமா?

முடியும். மொபைல் சிக்னல் ஓரளவு கிடைத்து, மின்சாரத்துக்கும் வழி இருந்தால் போதும். ஆனால் கம்பி இணையம் உள்ள வீட்டில் கேமரா வைத்துப் பழகியவர்கள் அதே எண்ணத்தோடு வந்தால் இரண்டு இடங்களில் முட்டிக்கொள்வார்கள். ஒன்று, அந்த இடத்திலிருந்து வெளியே வரும் பாதை குறுகலானது. எல்லாக் கேமராக்களின் படமும் நாள் முழுவதும் அதில் ஓடாது. இரண்டு, அந்தப் பாதையில் உள்ளேயிருந்து வெளியே வரலாம். வெளியேயிருந்து யாரும் நேராக உள்ளே நுழைய முடியாது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் பற்றியவைதான்.

அங்கே இணையத்தை எந்த வழியில் கொண்டுபோவது?

பத்துக்கு எட்டு இடங்களில் நான் வைப்பது சிம் கார்டு போடும் 4ஜி ரௌட்டர். பக்கத்தில், கண்ணுக்கு எட்டும் தூரத்தில், இணையம் உள்ள கட்டடம் ஒன்று இருந்தால் அதைவிட நல்ல வழி உண்டு. இரண்டு முனைகளிலும் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் கருவிகளை எதிரெதிரே பொருத்திவிட்டால் சில கிலோமீட்டர் வரை தாங்கும். மாத டேட்டாக் கவலையும் இல்லை.

"கண்ணுக்கு எட்டும் தூரம்" என்பதில் மட்டும் கவனம் வேண்டும். இங்கிருந்து அந்தக் கூரை தெரிந்தால் போதாது. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில் போவதில்லை. நடுவழியில் உப்பிக்கொண்டு போகும். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு, பாதையின் நடுப்புள்ளியில் அந்த உப்பலின் ஆரம் ஏறத்தாழ 3.6 மீட்டர். அதில் பாதிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். கோடையில் பொருத்திய இணைப்பு மழைக்குப் பின் தடுமாறினால் கருவியைக் குறை சொல்லுமுன் நடுவில் எந்த மரம் தழைத்திருக்கிறது என்று பாருங்கள்.

சிம் போடும் கேமரா வாங்குவதா, தனி ரௌட்டர் வாங்கிச் சாதாரணக் கேமராவை இணைப்பதா?

ஒரே ஒரு கேமரா, பார்க்க வேண்டியது ஒரு வாசலை மட்டும் என்றால் சிம் கேமராவே போதும். இரண்டாவது கேமரா வரும் என்று மனத்தில் ஓர் ஓரமாகத் தோன்றினாலும் ரௌட்டர் வாங்குங்கள். எப்படியும் வரும். கேமராவுக்கு ஒரு சிம் என்று நான்கு சிம்களுக்கு ரீசார்ஜ் செய்து கொண்டிருப்பதைவிட ஒன்றைக் கவனிப்பது எளிது. அதோடு, கேமரா எங்கே நன்றாகப் பார்க்குமோ அங்கே சிக்னல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரௌட்டரைச் சிக்னல் கிடைக்கும் இடத்தில் வைத்துக் கேமராவுக்குக் கேபிள் இழுத்துக்கொள்ளலாம்.

சூரியத் தகடோடு வரும் பேட்டரிக் கேமராக்கள் வேறு ரகம். அவை பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டிருக்கும். உடல் வெப்பம் அசைவதை உணர்ந்தால் விழித்துக்கொண்டு பதிவு செய்யும். விழிப்பதற்குள் வேகமாகப் போன வண்டி போய்விட்டிருக்கும். எப்போதாவது ஆள் வரும் இடத்துக்குச் சரி. நாள் முழுவதும் நடமாட்டம் உள்ள வாயிலுக்கு வேண்டாம்.

அங்கே வைஃபையில் இருக்கும்போது படம் தெரிகிறது. வெளியே வந்துவிட்டால் தெரிவதில்லை. ஏன்?

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். காரணம் புரிந்துவிட்டால் மற்ற பலவும் புரிந்துவிடும்.

இணையத்தில் ஒரு கருவியைத் தேடிப்போக அதற்கு உலகறிந்த முகவரி வேண்டும். பழைய ஐபிவி4 முறையில் இருக்கக்கூடிய முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி. 2011 பிப்ரவரியிலேயே உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுப்புகளும் பங்கிடப்பட்டுவிட்டன. பிறகு வந்த கோடிக்கணக்கான கைபேசிகளுக்கு எங்கே போவது? மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பலருக்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. இதற்குச் சிஜிநாட் என்று பெயர். பெரிய அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பகம் போல நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து யாரும் வெளியே பேசலாம். வெளியேயிருந்து ஒருவர் அந்த ஒற்றை எண்ணை அழைத்தால், யாருக்கு இணைப்பது என்று இணைப்பகத்துக்குத் தெரியாது, துண்டித்துவிடும்.

உங்கள் ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் மொபைல் இணைப்புக்கு என்ன ஐபி முகவரி கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஓர் எண்ணில் தொடங்கினால் ஐயமே வேண்டாம்: அந்த வரிசை இந்தப் பங்கீட்டுக்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்டது. 10 என்று தொடங்கினாலும் கதை அதேதான். வேறு எண்ணாக இருந்தால், ரௌட்டர் வழியாகவே ஓர் இணையதளத்தில் உங்கள் பொது ஐபி என்ன என்று பார்த்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் நடுவில் இணைப்பகம் உட்கார்ந்திருக்கிறது.

போர்ட் ஃபார்வர்டிங், டிடிஎன்எஸ் இரண்டையும் செய்துபார்த்தேன். பலன் இல்லையே?

இருக்காது. போர்ட் ஃபார்வர்டிங் என்பது உங்கள் ரௌட்டரில் கதவு திறப்பது. தட்டுகிறவர் அந்தத் தெருவுக்குள்ளேயே வர முடியாதபோது கதவைத் திறந்து வைத்து என்ன பயன்? டிடிஎன்எஸ், மாறிக்கொண்டேயிருக்கும் முகவரியைப் பெயரோடு சேர்த்து வைக்கும். ஆனால் அது குறித்து வைப்பது நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்துகொள்ளும் முகவரியை. இந்த இரண்டுக்காகவும் ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் நான்தான்.

அப்படியானால், செயலியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் மட்டும் படம் எப்படி வருகிறது?

அங்கே கேமராதான் முதலில் பேசுகிறது. மின்சாரம் வந்தவுடன் கேமரா, தயாரிப்பாளரின் சர்வருக்குத் தானே போய் "இன்ன எண் உடைய நான் விழித்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த இணைப்பை அறுந்துபோகாமல் வைத்துக்கொள்கிறது. உங்கள் கைபேசியும் அதே சர்வருக்குப் போகிறது. சர்வர் இரண்டு பக்கமும் மற்றவரின் முகவரியையும் போர்ட்டையும் சொல்லி, ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் தட்டச் சொல்கிறது. இருவருமே உள்ளேயிருந்து வெளியே தட்டுவதால் இரண்டு இணைப்பகங்களும் வழிவிடும். இதைத்தான் பெட்டியில் பி2பி என்று அச்சிடுகிறார்கள்.

சில மொபைல் வலையமைப்புகளில் இந்தத் தந்திரம் பலிக்காது. அப்போது சர்வரே நடுவில் நின்று படத்தை வாங்கிக் கடத்தும். காலையில் சட்டென்று திறந்த படம் மாலையில் சுற்றிக்கொண்டேயிருந்தால், படம் அந்தச் சுற்றுவழியில் வந்துகொண்டிருக்கலாம்.

எளிது என்பது இதன் பலம். தயாரிப்பாளரின் சர்வர் படுத்தால் உங்கள் கண்ணும் மூடிக்கொள்ளும் என்பது பலவீனம். நிறுவனம் அந்தச் சேவையை ஒரு நாள் நிறுத்திவிட்டால் கேமரா ஓடிக்கொண்டிருக்கும், பார்ப்பதற்குத்தான் வழியிருக்காது. ஒன்றிரண்டு கேமராக்கள் உள்ள வீட்டுக்காரருக்கு நான் பி2பியையே சொல்வேன். பத்துத் தளங்களை நடத்துகிறவர் அடுத்த பதிலையும் படிக்கட்டும்.

விபிஎன் அமைத்தால் என்ன கூடுதல் வசதி?

விபிஎன் என்பது இணையத்துக்குள்ளேயே உங்களுக்கென்று போட்டுக்கொள்ளும் பூட்டிய சுரங்கப்பாதை. அதைப் போட்டுவிட்டால் தளம் முழுவதும் உங்கள் மேசைக்கு வந்துவிடும். கேமரா, பதிவுக் கருவி, ரௌட்டரின் நிர்வாகப் பக்கம், சோலார் கன்ட்ரோலர் எல்லாமே பக்கத்து அறையில் இருப்பதுபோல் திறக்கும். எந்த நிறுவனத்தின் கேமரா என்பதும் பொருட்டில்லை.

இங்கேயும் தளம்தான் முதலில் அழைக்க வேண்டும். உங்கள் கைபேசியும் இணைப்பகத்துக்குப் பின்னால் இருப்பதால், இரண்டும் சந்திக்கப் பொது முகவரி உள்ள ஓர் இடம் தேவை. வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய சர்வர் போதும்; அலுவலகத்தில் பொது ஐபியோடு கம்பி இணைப்பு இருந்தால் அதுவே போதும். நான் பயன்படுத்துவது வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள். சிறியது, வேகமானது, 2020 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையத்திலேயே (கெர்னல்) சேர்ந்துவிட்டது. தொழில்முறை 4ஜி ரௌட்டர்கள் பலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது. சர்வர் வைத்துப் பராமரிக்கப் பொறுமை இல்லாதவர்கள் டெயில்ஸ்கேல், ஜீரோடயர் போன்ற சேவைகளைப் பயன்படுத்தலாம். (டெயில்ஸ்கேல் உங்களுக்குத் தரும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும். அதைப் பார்த்து "சிஜிநாட்டில் மாட்டிக்கொண்டேன்" என்று பதற வேண்டாம்.)

அமைக்கும்போது இரண்டு இடங்களில் கால் இடறும்.

முதலாவது, உயிர்த்துடிப்பு. எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தால் மொபைல் நிறுவனத்தின் இணைப்பகம் உங்களை மறந்துவிடும். அதனால் தளத்து ரௌட்டரில் "பர்சிஸ்டென்ட் கீப்அலைவ்" என்ற இடத்தில் 25 என்று நிரப்புங்கள். 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு தகவல் பொட்டலம் போகும். நாள் முழுவதற்கும் சேர்த்து ஓர் எம்பிகூட ஆகாது. இதை விட்டுவிட்டால், பொருத்திய அன்று எல்லாம் ஓடும். வீடு திரும்பிப் பார்த்தால் இருட்டு.

இரண்டாவது, ஒரே முகவரி வரிசை. கடையில் வாங்கும் ரௌட்டர்களில் பலவும் 192.168.1 அல்லது 192.168.0 என்றே வருகின்றன. வீட்டிலும் தளத்திலும் அதுவே இருந்தால், 192.168.1.64-ஐத் திற என்று சொல்லும்போது உங்கள் கணினி அதை வீட்டுக்குள்ளேயே தேடும். தளத்துக்கு 192.168.57 என்று யாரும் எடுக்காத எண்ணாக வைத்துவிடுங்கள். பல தளங்கள் என்றால் 57, 58, 59 என்று வரிசையாகப் போய் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் ரௌட்டரின் அடியிலும் ஒட்டிவிடுவேன்.

நிலையான பொது ஐபி உள்ள சிம் வாங்கினால் இத்தனை சுற்று வேண்டியதில்லையே?

வேண்டியதில்லைதான். ஆனால் உலகமே தட்டக்கூடிய கதவு அது. 2016-இல் மிராய் என்ற தீய நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும், கேமராப் படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டிகளையும் தேடிப் பிடித்துத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பெரிய அறிவெல்லாம் தேவைப்படவில்லை. கையில் வைத்திருந்தது அறுபத்துச் சொச்சம் பயனர்பெயர்–கடவுச்சொல் ஜோடிகள், அவ்வளவுதான். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சேவை நடத்திய டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின.

பொது ஐபி சிம் வாங்கினாலும் விபிஎன் ஒன்றுக்கு மட்டுமே வழிவிடுங்கள். கேமராவின் பக்கத்தை நேரடியாக வெளியே திறக்காதீர்கள். இன்னொரு செலவும் உண்டு: எங்கிருந்தோ சும்மா தட்டிப்பார்க்கும் ஒவ்வொரு பொட்டலமும் உங்கள் டேட்டாவில் கழியும்.

ஐபிவி6 வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

ஐபிவி6 என்பது ஐபிவி4-க்கு அடுத்து வந்த புதிய முகவரி முறை. முகவரிப் பஞ்சம் தீரும். ஆனால் மொபைல் நிறுவனங்கள் பெரும்பாலும் ஐபிவி6-இலும் வெளியிலிருந்து வரும் அழைப்பைத் தடுத்தே வைத்திருக்கின்றன. அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

மாதத்துக்கு எவ்வளவு டேட்டா ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் தெளிவு இல்லாமல் யாரும் சிம் வாங்கக் கூடாது.

இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்றை 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இரண்டு மெகாபிட்) வேகத்தில் வைத்திருக்கிறீர்கள். எட்டு பிட் ஒரு பைட். மணிக்கு 900 எம்பி. நாளுக்கு 21.6 ஜிபி. முப்பது நாளுக்கு 648 ஜிபி. இது ஒரு கேமராவுக்கு. நான்கு கேமராவின் முழுப்படத்தையும் இரவு பகலாக மேகச் சேமிப்புக்கு (கிளவுட்) அனுப்ப நினைத்தால் இரண்டரை டிபியைத் தாண்டும். மொபைல் இணைப்பில் அது நடக்காத காரியம்.

ஆகவே பதிவு அங்கேயே இருக்கட்டும். கேமராவில் மெமரி கார்டு, அல்லது தளத்தில் ஒரு என்விஆர், அதாவது ஐபி கேமராக்களுக்கான பதிவுக் கருவி. நீங்கள் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் படம் வெளியே வரட்டும். அதுவும் துணை ஓடையில் வரட்டும். பெரும்பாலான ஐபி கேமராக்கள் ஒரே காட்சியை இரண்டு தரத்தில் தரும்: பதிவுக்குப் பெரியது, பார்வைக்குச் சிறியது. சிறியதை 512 கேபிபிஎஸ் என்று வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 230 எம்பி. நாளைக்குப் பத்து நிமிடம் பார்க்கிறவருக்கு மாதம் ஒன்றேகால் ஜிபிகூட ஆகாது. ஏதோ நடந்துவிட்டது என்றால், அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் பெரிய தரத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்: 75 எம்பி.

அசைவு தெரிந்தவுடன் கேமரா தானே அனுப்பும் எச்சரிக்கைத் துணுக்குகளும் கணக்கில் வரும். 20 விநாடித் துணுக்கு பெரிய தரத்தில் 5 எம்பி. நாளைக்கு நாற்பது வந்தால் மாதம் 6 ஜிபி.

கேமராவில் எச்.265 என்ற படச் சுருக்க முறை இருந்தால் தேர்ந்தெடுங்கள். பழைய எச்.264-ஐவிட ஏறக்குறையப் பாதி அளவில் அதே தெளிவு கிடைக்கும். விநாடிக்கு 25 சட்டகங்களும் தேவையில்லை. வாயிலைப் பார்க்க 10 போதும். ஆனால் சட்டகத்தைக் குறைத்துவிட்டு எம்பிபிஎஸ் எண்ணை அப்படியே விட்டுவிட்டால் மிச்சம் ஒன்றும் ஆகாது. டேட்டாவைத் தீர்மானிப்பது அந்த எண்தான்.

64 ஜிபி கார்டில் 2 எம்பிபிஎஸ் பதிவு மூன்று நாள் கொள்ளும். வெள்ளி இரவு நடந்ததைச் செவ்வாயன்று தேடினால் இருக்காது. பெரிய கார்டாக, இடைவிடாத பதிவுக்கென்று தயாரிக்கப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கைபேசிக்கு வாங்கும் சாதாரணக் கார்டு இந்த வேலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

யாருமே பார்க்கவில்லை. ஆனாலும் இரவில் டேட்டா தீர்ந்துபோகிறது. எங்கே போகிறது?

ஒரு கிடங்கில் இதே புகார். ஒரே இரவில் 3 ஜிபி. திருட்டு இணைப்பு ஏதாவது இருக்குமோ என்று ரௌட்டரில் ஒவ்வொரு கருவியாக அலசினேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் இரவுத் துணுக்குகளை வரிசையாகத் திறந்தபோது ஆள் அகப்பட்டார். கண்ணாடிக்கு இரண்டு விரற்கடை முன்னால், திரையின் இடது மேல் மூலையிலிருந்து நடுவுக்கு வெள்ளை வெளேரென்று ஒரு கயிறு. அதில் கையளவு பெரிதாகத் தெரியும் ஒரு சிலந்தி. கேமராவின் அகச்சிவப்பு விளக்கு எரிந்தால் பூச்சி வரும். பூச்சி வருமிடத்தில் சிலந்தி வலை கட்டும். மிக அருகில் இருப்பதால் அந்த ஒற்றை இழை விளக்கொளியில் பளிச்சென்று பெரிதாகத் தெரியும். காற்றில் அது ஆடும் ஒவ்வொரு முறையும் கேமரா "அசைவு" என்று துணுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, அறுநூறுக்கும் மேல்.

துடைத்தால் இரண்டு நாள் நிம்மதி. நிரந்தரத் தீர்வு, கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மீட்டர் தள்ளித் தனி அகச்சிவப்பு விளக்கு வைப்பது. வலை விளக்கைச் சுற்றிக் கட்டப்படும்; கண்ணாடி தப்பிக்கும். மனிதர், வாகனம் என்று பிரித்தறியும் வசதி கேமராவில் இருந்தால் வெறும் அசைவு அறிதலை நிறுத்திவிட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சிலந்தி இல்லையென்றால் வேறு இரண்டு திருடர்களைத் தேடுங்கள்: முழுத்தரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மேகச் சேமிப்பு, அலுவலகத்துச் சுவர்த் திரையில் யாரோ திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போன நேரலை.

சிக்னல் இரண்டு கோடுதான் காட்டுகிறது. வெளி ஆன்டெனா போட்டால் சரியாகுமா?

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஆன்டெனா சிக்னலை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் கொஞ்சம் நன்றாக அள்ளித் தருகிறது.

கோடுகளை விட்டுவிட்டு ரௌட்டரின் உள்ளே இரண்டு எண்களைப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது வலிமை: -90க்கு மேல் என்றால் நல்லது, -100 வரை சமாளிக்கலாம், -110ஐத் தாண்டிக் கீழே போனால் தொல்லை. எஸ்ஐஎன்ஆர் என்பது தெளிவு: 13க்கு மேல் நன்று, பூஜ்யத்துக்குக் கீழே மோசம். வலிமை இருந்தும் தெளிவு இல்லாத இடங்களில், பல கோபுரங்கள் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அங்கே திசை நோக்கும் ஆன்டெனா உண்மையிலேயே கைகொடுக்கும்.

வேகத்தைச் சோதிக்கும்போது பலரும் இறக்க வேகத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். கேமராவுக்குத் தேவை ஏற்ற வேகம். இறக்கம் 30, ஏற்றம் 0.6 என்று காட்டும் இடங்கள் எத்தனையோ. ஊரே கைபேசியும் கையுமாக இருக்கும் மாலை நேரத்தில் சோதியுங்கள். காலை ஆறு மணிக்குப் பார்த்த எண்ணை நம்பி ஒரு முறை ஏமாந்திருக்கிறேன்.

ஆன்டெனா வாங்கினால் இரண்டு இணைப்பு உள்ளதாக வாங்குங்கள். 4ஜி ரௌட்டரில் இரண்டு துளைகள் இருப்பது அழகுக்கு அல்ல. கேபிளை நீட்டாதீர்கள். ஒல்லியான ஆர்ஜி58 கேபிள் 4ஜி அலைவரிசைகளில் மீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவுக்கு விழுங்கிவிடும். பத்து மீட்டர் இழுத்தால் ஆன்டெனா சேர்த்துக் கொடுத்ததைக் கேபிளே தின்றுவிடும். அதற்குப் பதில் ரௌட்டரையே நீர்புகாத பெட்டியில் கம்பத்தின் உச்சியில் வைத்து, கீழே ஈதர்நெட் கேபிள் இறக்குங்கள். அது நூறு மீட்டர் வரை குறையில்லாமல் போகும்.

"பூஸ்டர்" என்ற பெயரில் விற்கும் பெருக்கிகளை உரிமமின்றிப் பொருத்துவது பல நாடுகளில் குற்றம். நான் தொடுவதில்லை.

கைபேசியில் ஓடும் அதே சிம் ரௌட்டரில் ஓடவில்லையே?

ஏபிஎன் அமைப்பை, அதாவது ரௌட்டர் மொபைல் நிறுவனத்தின் இணையத்தில் சேர நிரப்ப வேண்டிய பெயரை, பாருங்கள். சிம்மில் PIN எண் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், அந்தத் திட்டம் கைபேசிக்கு மட்டும் என்று நிறுவனம் பூட்டியிருக்கலாம். கேட்டு வாங்குங்கள். ரௌட்டர் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது வயிற்றெரிச்சல்.

மின்சாரமும் இல்லை. சோலாரில் ஓட்ட முடியுமா?

தாராளமாக. ஆனால் பேனலின் அளவில் கஞ்சத்தனம் காட்டினால் மழைக்காலத்தில் பழிவாங்கும்.

ரௌட்டர் 4 வாட், கேமரா இரண்டுக்கும் தலா 4 வாட். மொத்தம் 12. நாள் முழுவதும் ஓடினால் 288 வாட்-மணி. மூன்று நாள் மேகமூட்டத்தைத் தாங்க வேண்டுமென்றால் 864. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடித்தால் ஆயுள் போய்விடும்; ஆகவே 12 வோல்ட்டில் 150 ஆம்பியர்-மணி வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 100 போதும். (உறைபனிக்குக் கீழே போகும் இடங்களில் அதை அப்படியே சார்ஜ் செய்யக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.) பேனலுக்கு, ஆண்டின் மிக மோசமான மாதத்தில் முழு வெயில் எத்தனை மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைக்கும் என்று பாருங்கள். மூன்று மணி என்று வைத்து இழப்புகளையும் கழித்தால் 137 வாட் என்று வரும். அது அன்றாடச் செலவுக்கு மட்டுமே சரியாக இருக்கும். வடிந்த பேட்டரி மறுபடி நிரம்பவும் வேண்டுமே. 200க்குக் குறைவாக நான் வைப்பதில்லை.

நான் போய்ப் பார்க்கும் "சோலார் பத்தவில்லை" புகார்களில் அடிக்கடி அகப்படுவது இன்வெர்ட்டர். 12 வோல்ட் பேட்டரியை 230 வோல்ட்டாக உயர்த்தி, அதில் கேமராவின் அடாப்டரைச் செருகி, அது மறுபடி 12 வோல்ட்டாக இறக்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே 8, 10 வாட் தின்கிறது. கேமராவும் ரௌட்டரும் ஏற்கெனவே 12 வோல்ட்காரர்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து, மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறு கருவி வழியாக நேரே கொடுங்கள்.

ரௌட்டர் உறைந்துபோய்விட்டால் யார் போய் அணைத்துப் போடுவது?

இதை முன்கூட்டியே கேட்கிறவர்கள் அரிது. கேட்காதவர்கள் பிறகு வண்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கேமரா கெட்டு நான் பயணம் போனது குறைவு. உறைந்த ரௌட்டரை அணைத்துப் போடவென்றே போனது அதிகம்.

ரௌட்டரில் "பிங் ரீபூட்" இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே ஒரு முகவரியைத் தட்டிப்பார்க்கும். மூன்று முறை பதிலில்லையென்றால் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்யும். அதோடு நாளுக்கொரு முறை விடியற்காலையில் கட்டாய மறுதொடக்கமும் வையுங்கள். உள்ளேயே உறைந்த ரௌட்டருக்கு இந்த இரண்டும் உதவாது. அதனால் தினமும் ஒரு நிமிடம் மின்சாரத்தைத் துண்டிக்கும் டைமர் ஒன்றையும் ரௌட்டருக்கு முன்னால் மாட்டிவிடுகிறேன். முரட்டு வைத்தியம்தான், ஆனால் பலிக்கிறது.

இன்னொன்று, சிம்மின் காலாவதி நாள். எச்சரிக்கைக் குறுஞ்செய்தி ரௌட்டருக்குள் இருக்கும் சிம்முக்குத்தான் போகும். அதை யார் படிப்பது?

செயற்கைக்கோள் இணையம் சரிப்படுமா?

மொபைல் சிக்னலே இல்லாத இடத்தில் வேறு வழி இல்லை. 35,786 கிலோமீட்டர் உயரத்துப் பழைய செயற்கைக்கோள்களில், நீங்கள் கேமராவைத் திருப்பினால் அது திரும்புவது தெரிய அரை விநாடிக்கு மேல் ஆகும். ஸ்டார்லிங்க் போன்றவை 550 கிலோமீட்டர் அளவில் பறப்பதால் அந்தத் தாமதம் தெரியாது. ஆனால் ஸ்டார்லிங்கின் வழக்கமான தட்டு 75 முதல் 100 வாட் வரை எடுக்கும். மேலே போட்ட சோலார் கணக்கில் 12 வாட் இருந்த இடத்தில் அதை வைத்துப் பாருங்கள். சாதாரணத் திட்டங்களில் அங்கேயும் சிஜிநாட்தான்.

பழைய டிவிஆர் கையில் இருக்கிறது. அதையே வைக்கலாமா?

வைக்கலாம். ரௌட்டரோடு ஒரு கேபிளில் சேர்த்துவிட்டால் போதும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே திறக்கும் டிவிஆர் என்றால் அதன் மென்பொருள் அந்தக் காலத்தோடு நின்றுவிட்டது என்று பொருள்; விபிஎன்னுக்குள் தவிர வேறெங்கும் அதைக் காட்டாதீர்கள்.

பதிவில் தேதியும் நேரமும் தப்பாக இருக்கிறதே?

கேமரா இணையத்தில் நேரம் கேட்க வேண்டும். கேட்கும் வசதியை யாரும் இயக்கியிருக்க மாட்டார்கள். இயக்கி, நேர மண்டலத்தையும் சரிசெய்யுங்கள். டிவிஆர் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் பழைய ஆண்டுக்குப் போனால் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துவிட்டது. திருட்டு நடந்த நேரத்தைக் காட்டாத பதிவை வைத்துப் புகார் கொடுப்பது பெரும்பாடு.

ரௌட்டரையும் கேமராவையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போய்விட்டால்?

போகிறவர் முகம் போவதற்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். பதிவு அங்கேயே இருக்கட்டும் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு: வாயிலைப் பார்க்கும் கேமரா, மனிதர் தெரிந்தவுடன் ஒரு நிழற்படத்தையாவது உடனே அனுப்பட்டும். சில நூறு கேபிதான். ரௌட்டரும் பதிவுக் கருவியும் கேமராவுக்கு அருகில் இல்லாமல் வேறிடத்தில் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். சிம்மில் PIN எண் பூட்டு வையுங்கள். திருடிய சிம்மில் அவர் படம் பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் ரீசார்ஜ் செய்ய வேண்டாம்.

எல்லாம் பொருத்தியாயிற்று. கிளம்பும் முன் எதைச் சோதிப்பது?

கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, முடிந்தால் வேறு நிறுவனத்தின் சிம்மில், படத்தைத் திறந்து பாருங்கள். தளத்து வைஃபையில் நின்றபடி "வருகிறது" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கமான தவறு. பிறகு நேற்றைய தேதியில் ஒரு பதிவைத் தேடி ஓட்டிப் பாருங்கள். அன்றே பொருத்தியது என்றால் ஒரு மணி நேரத்துக்கு முந்தையது. இரவுக் காட்சியைப் பார்க்க இருட்டும் வரை இருந்துவிடுங்கள். பகலில் கண்ணில் படாத வெள்ளைச் சுவர் ஒன்று அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அடித்துப் படத்தையே வெளுக்கச் செய்யலாம்.

கடைசியாக, நான் மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் போடுவேன். எதையும் தொடாமல், பெட்டியைப் பூட்டிக்கொண்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பேன். ரௌட்டர் எழுந்து, கோபுரத்தைப் பிடித்து, விபிஎன் சேர்ந்து, கேமரா வர மூன்று நான்கு நிமிடம் ஆகும். பத்து நிமிடத்திலும் படம் வராவிட்டால் சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போவேன்.